மிளகாய் தொங்காத பால்கனி

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் குடியிருப்பில் எல்லா பால்கனியிலும் சிவப்பு மிளகாய்ச் சரம் தொங்கும். குளிர்காலத்துக்கு வேண்டாமா? துர்ரெஸ் நகரத்தில் மிளகாய் காயப்போடாத வீடு ஒன்று உண்டென்றால் அது எங்கள் கட்டடத்தில், மூன்றாவது மாடியில், வித்தோரே வீடுதான். அவள் பால்கனியில் துணி காயும், வெங்காயம் காயும், ஒரு காலத்தில் மீன்கூடக் காய்ந்தது. மிளகாய் மட்டும் கிடையாது.

புதிதாகக் குடிவருகிறவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "மேல்வீட்டு அம்மாவுக்கு வயித்துப்புண்ணா?" என்பார்கள். "ஆமா, வயித்துப்புண்தான்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நான் என்ன வானொலிப் பெட்டியா?

என் பெயர் ஹமிதே. வித்தோரே வீட்டுக்கு நேர் கீழ்வீடு. அவள் நடந்தால் என் தலைக்குமேல் கேட்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் காலடியைக் கேட்டவள் என்பதால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

வித்தோரே துறைமுகத் தொழிலாளர் உணவுக்கூடத்தில் வேலை செய்தவள். அவித்த பீன்ஸை அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றுவதுதான் வேலை. வாயில் விரலை விட்டாலும் கடிக்கத் தெரியாது என்பார்களே, அப்படி ஒரு பெண். வரிசையில் யாராவது அதட்டினால் அவள் காது சிவந்துபோகும். புருஷன் பெத்ராக் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கு மின்சார வேலை பார்த்தான். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. சாமி கும்பிடத் தடை இருந்த காலம் அது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்வாள். அந்த வாசனை தண்ணீர்க் குழாய்ச் சந்து வழியாக என் வீட்டுக்கு வரும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாயையும் பொத்திக்கொள்வேன். அப்படிப் பிறந்தவள்தான் மிமோசா.

அந்த வருஷம் பெத்ராக்குக்கு நல்ல உழைப்பாளி என்று பரிசாக ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்க அனுமதி கிடைத்தது. பெட்டி கிடைத்தால் போதுமா, அதில் பார்க்க ஏதாவது வேண்டாமா? தலைநகரத்துத் திரானா நிலையம் சாயங்காலம்தான் கண் திறக்கும். திறந்ததும் டிராக்டர் ஓடும், மாடு பால் கறக்கும், யாராவது கைதட்டுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலிக்காரன் நாள் முழுக்க ஆடுகிறான், பாடுகிறான், சோப்பு விற்கிறான். அதைப் பார்ப்பது குற்றம். ஆனாலும் எல்லா வீட்டிலும் பார்த்தார்கள். காலி டப்பாவை வெட்டி நாலு கம்பியைப் பற்றவைத்து ஆன்டெனாவில் மாட்டினால் இத்தாலி தெளிவாகத் தெரியும். பொழுது சாய்ந்தால் எங்கள் மொட்டைமாடியில் ஆன்டெனாக்கள் எல்லாம் மேற்கே திரும்பும். விடிந்தால் நல்ல பிள்ளைகளாகத் திரானாவைப் பார்த்து நிற்கும். பெத்ராக் சாமர்த்தியசாலி. மாடி ஏறாமலே, பகலில்கூட யார் கண்ணிலும் படாமல், பால்கனியிலிருந்து துடைப்பக்கட்டையால் திருப்புகிற மாதிரி ஏற்பாடு செய்துவைத்திருந்தான்.

வித்தோரேக்கு இரண்டாம் ஷிப்டு வேலை. மத்தியானம் பாலர் பள்ளியிலிருந்து மிமோசாவைக் கூட்டிவந்து விட்டுவிட்டு ஓடவேண்டும். பெத்ராக் இரவு வேலை முடித்து அந்நேரம் தூங்குவான். குழந்தை சத்தம் போடாமல் இருக்கவேண்டும். வேறு வழி? ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து, பெட்டிக்கு முன்னால் ஒரு தலையணை போட்டு உட்காரவைத்துவிட்டுப் போவாள். போகிற போக்கில் ஒரு பாடம்: "யாராவது கேட்டா நம்ம பெட்டியில திரானா மட்டும்தான் தெரியும்னு சொல்லணும். என்ன?" குழந்தை தலையாட்டும்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். எங்களுக்கே தெரியாதபோது யார் சொல்லிக்கொடுப்பது? முதலில் சோப்பு விளம்பரத்தைப் பாடினாள். பிறகு பொம்மையை அந்தப் பாஷையில் திட்டினாள். மத்தியானச் சிறுவர் நிகழ்ச்சியில் ஒரு பெண் வந்து சிரித்துக்கொண்டே "பிள்ளைங்களா, சௌக்கியமா?" என்று கேட்பாள். மிமோசா தலையணையிலிருந்து எழுந்து நின்று, "சௌக்கியம், நீங்க?" என்று பதில் சொல்வாள். பதில் சொன்ன பிறகுதான் உட்காருவாள். பெட்டிக்குள் இருக்கிறவள் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தது குழந்தை. இதை ஒரு நாள் லீவில் வித்தோரே பார்த்துவிட்டு என் வீட்டுக்கு ஓடிவந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஐந்து வயதில் இரண்டு பாஷை, உன் பிள்ளை மந்திரியாகப் போகிறாள் என்றேன்.

அப்புறம் எங்களுக்கெல்லாம் அவள்தான் துபாஷி. வித்தோரேக்கு லீவு நாளென்றால் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் அவள் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு படம் பார்ப்போம். மிமோசா என் புருஷன் மடியில் உட்கார்ந்திருப்பாள்.

"அவன் ஏன் அழுவுறான் மிமோ?" என்பார் இவர்.

"அழல மாமா. வெங்காயம் நறுக்குறான்."

"இப்ப அவ என்ன கேக்குறா?"

"நேத்து எங்க போனேன்னு கேக்குறா. அவன் ஆபீஸ்ல வேலை இருந்துச்சுங்கிறான். ஆனா பொய்."

"பொய்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பொய் சொல்றப்பல்லாம் தலைமுடியத் தடவுறான், பாருங்க."

என் புருஷன் கை தானாகத் தன் தலையிலிருந்து கீழே இறங்கியது. நாங்கள் பெண்களெல்லாம் தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தோம். வித்தோரே மட்டும் சிரிக்காமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெருமை அவள் முகத்தில்.

எண்பத்து மூன்றாம் வருஷம், அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு சாயங்காலம் ஊரே நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கும். நாங்களும் நடந்தோம். வித்தோரேயும் குழந்தையும் எங்களுக்குச் சற்று முன்னால். எங்கள் வட்டாரத் தலைவி தோழர் சானியே, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால். யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள், யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அந்த அம்மாளுக்கு உலாவே.

அன்றைக்குத் துறைமுகத்தில் ஒரு இத்தாலிக் கப்பல் நின்றது. மாலுமிகள் நாலு பேரை நம்ம ஆள் ஒருவன் காவலாக நடத்திக் கூட்டிப்போகிறான். வெளிநாட்டுக்காரனைக் கண்டால் நாங்கள் கடலைப் பார்ப்போம். அதுதான் பழக்கம். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. வயதான மாலுமி ஒருவனின் தொப்பி பறந்து உருண்டு வந்து மிமோசா காலடியில் விழுந்தது.

குழந்தை எடுத்தாள். ஓடிப்போய்க் கொடுத்தாள். கொடுத்ததோடு விட்டாளா? "இந்தாங்க ஐயா. காத்து பலமா இருக்கு, கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்று இத்தாலி பாஷையில் கணீரென்று சொன்னாள். அத்தனை வருஷம் விதை கொறித்ததில் அந்த அளவு எனக்கும் புரியும். மாலுமி அப்படியே குந்திவிட்டான். "நீ எந்த ஊரு கண்ணு? உங்க வீட்டுல யாரு இத்தாலி?" என்று கேட்கிறான். குழந்தைக்கு ஒரே சந்தோஷம். பெட்டிக்குள் இருந்தவர்களில் ஒருவர் முதல் தடவையாக வெளியே வந்து அவளிடம் பேசுகிறார் அல்லவா? "நான் இங்கதான். நீங்க சௌக்கியமா?" என்றாள்.

சாலையே நின்றுவிட்டது. தோழர் சானியே நடையை நிறுத்தி வித்தோரேயைப் பார்த்தார். பெத்ராக்கின் வேலை, வீடு, எல்லாம் அந்தப் பார்வையில் போய்விடும். இதைவிடச் சின்ன விஷயத்துக்கு மூட்டை முடிச்சோடு மலைக் கிராமத்துக்கு லாரியில் ஏற்றப்பட்டவர்களை எங்களுக்குத் தெரியும்.

வித்தோரே போனாள். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஒன்று விட்டாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஜன்மத்தில் குரலை உயர்த்தாதவள் தெருவே கேட்கக் கத்தினாள்: "யார்டி சொல்லிக்குடுத்தா? சொல்லு, யார் சொல்லிக்குடுத்தா?"

குழந்தைக்கு விடை தெரியும். அந்த விடையைச் சொல்லக்கூடாது என்று சொல்லிவைத்தவளே இப்போது கேட்கிறாள். வாயைத் திறந்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

வாயில் மிளகாயைத் தேய்ப்பேன் என்று எந்த அம்மாதான் சொல்லவில்லை? நானும் என் பிள்ளைகளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். யாரும் செய்வதில்லை. வித்தோரே செய்தாள். வீட்டுக்கு வந்து பால்கனிச் சரத்திலிருந்து ஒரு மிளகாயைப் பிய்த்து, பிளந்து, குழந்தையின் உதட்டில் தேய்த்தாள். "இனிமே அந்தப் பேச்சு இந்த வாயில வருமா? வருமா?" குழந்தையின் அலறல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. நான் ஓடினேன். வாசற்கதவு விரியத் திறந்துகிடந்தது.

"ஏண்டி, அறிவிருக்கா உனக்கு? கதவையாவது சாத்துடி. கட்டடமே கேக்குது" என்றேன்.

"கேக்கட்டும்னுதான் அக்கா தொறந்து வெச்சேன்" என்றாள். அவள் கண்ணிலும் மிளகாய் பட்டிருக்கவேண்டும், தண்ணீர் கொட்டியது.

அன்றே பெத்ராக் ஆன்டெனாவிலிருந்து டப்பாவைக் கழற்றி, ஆன்டெனாவைத் திரானா பக்கம் திருப்பிக் கம்பியால் கட்டிவிட்டான்.

அந்த வாரத்திலேயே தோழர் சானியே வந்தார். கூட ஒரு இளைஞன், சுங்கத்தில் வேலை செய்பவன், இத்தாலி பாஷை படித்தவன். சாட்சிக்கு அக்கம்பக்கம் இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். வித்தோரே காபி வைத்தாள். அந்தக் காலத்துக் காபி, பாதி பார்லி. மிமோசா பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். உதடு இன்னும் வீங்கியிருந்தது.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. குழந்தைக்கு முன்னால் மண்டியிட்டு, இத்தாலி பாஷையில் மெதுவாக, "உன் பொம்மை பேரு என்ன?" என்று கேட்டான். மிமோசாவின் உதடு அசைந்தது. நான் பார்த்தேன். உடனே அவள் கண் அம்மாவிடம் போனது.

வித்தோரே முந்திக்கொண்டாள். "அதுக்கு என்ன தோழர் தெரியும்? அது மந்தம்" என்றாள்.

"என்னது?" என்றார் சானியே.

"பொறந்ததுலேருந்தே மந்தம் தோழர். மண்டையில ஏறாது. நம்ம பாஷையிலேயே ஒழுங்கா ஒரு வார்த்தை கோக்க வராது, இது எங்கேருந்து இத்தாலி பேசப்போகுது? அன்னைக்கி அந்த ஆளு ஏதோ சொன்னான், கிளி மாதிரி திருப்பிச் சொல்லிருச்சு. வெக்கக்கேடு, அதான் அடிச்சேன்."

சானியே என்னைப் பார்த்தார். "அப்படியா ஹமிதே?"

நான் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் மெதுவான பிள்ளைதான்" என்றேன். வேறென்ன சொல்வது?

சானியே பெட்டியைப் போடச் சொன்னார். திரானா வந்தது. டிராக்டர் ஓடியது. அந்தப் பையன் இன்னொரு தடவை ஏதோ கேட்டான். குழந்தை பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். "பாவம்" என்று சொல்லி, அவள் தலையைத் தடவிவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள். கதவு சாத்தியதும் வித்தோரே தரையில் சரிந்து உட்கார்ந்து, "தப்பிச்சோம், தப்பிச்சோம்" என்று குழந்தையை இழுத்து முத்தமாகக் கொடுத்தாள். குழந்தை விறைத்துப்போய் நின்றாள்.

அதற்குப் பிறகு மிமோசா பேசவில்லை.

முதலில் கோபம் என்று நினைத்தோம். கோபம் எத்தனை நாள் இருக்கும்? பனி விழுந்தது, புதுவருஷம் வந்தது, இவள் வாய் திறக்கவில்லை. இத்தாலியும் இல்லை, எங்கள் பாஷையும் இல்லை. பசித்தால் தட்டைக் காட்டுவாள். கூப்பிட்டால் திரும்புவாள். வித்தோரே மெல்லிய மாவு அடுக்குக்குள் கீரை வைத்துப் பூரெக் சுட்டாள். எங்கேயோ அலைந்து கண் மூடித் திறக்கும் பொம்மை ஒன்று வாங்கிவந்தாள். குழந்தை பொம்மைகளோடும் பேசவில்லை. இரண்டையும் பக்கத்தில் படுக்கவைத்து, இரண்டின் வாயையும் விரலால் மூடிக்கொண்டு படுத்திருப்பாள்.

டாக்டரிடம் போனார்கள். "நாக்கு நல்லா இருக்கு, காது கேக்குது. வீட்டுல ஏதாச்சும் நடந்துச்சா?" என்று கேட்டார். "ஒண்ணும் நடக்கல டாக்டர்" என்றாளாம் வித்தோரே. வந்து என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "பொய்க்கு மேல பொய் சொல்றேன் அக்கா. அதுவும் அது முன்னாலேயே சொல்றேன்."

"பின்ன நிஜத்தைச் சொல்லியிருந்தா இப்ப எந்த மலையில உக்காந்திருப்பீங்களோ" என்றேன் நான்.

"உக்காந்திருந்தா என்ன? அங்கயாச்சும் பேசியிருக்கும்."

பெத்ராக்கும் சேர்ந்துகொண்டான். அவனுக்கும் வேதனைதான், ஆனால் ஆம்பளைக்கு வேதனை வந்தால் அது யார் தலையிலாவது இறங்கவேண்டுமே. "நீதானே மந்தம்னு சொன்ன? சொன்ன மாதிரியே ஆயிருச்சு. ஆசை தீரப் பாரு" என்பான். வித்தோரே பதில் பேசமாட்டாள். மிளகாய்ச் சரத்தை அவிழ்த்துக் குப்பையில் போட்டது அப்போதுதான். உணவுக்கூடத்திலும் மிளகாய்த் தூள் போடவேண்டிய குழம்பென்றால் அடுத்தவளிடம் தள்ளிவிடுவாளாம்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். கடைசி பெஞ்ச். எழுதச் சொன்னால் எழுதுவாள், வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். மற்ற பிள்ளைகள் ஊமை என்று கூப்பிட்டார்கள். மார்ச் மாதம் டீச்சர் வித்தோரேயை வரச்சொன்னார். ஒற்றையாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துப்போனாள்.

"வருஷக் கடைசிக்குள்ள இவ வாயத் திறந்து ஒரு வரி வாசிக்கணும். இல்லன்னா திரானாவுல இருக்கற விடுதிக்குத்தான் அனுப்பணும். மந்தமான பிள்ளைங்களுக்கு அங்க தனி இடம் இருக்கு" என்றார் டீச்சர்.

"அது மந்தமில்லீங்க டீச்சர்."

டீச்சர் புருவத்தைத் தூக்கினார். "நீங்கதானே தோழர் சானியேகிட்ட சொன்னீங்க, பொறந்ததுலேருந்தே இப்படின்னு? அவங்க சொல்லித்தானே இவளைத் தனியா உக்காரவெச்சேன். அது நிஜமா, இது நிஜமா?"

இது நிஜமென்றால் அது பொய். அது பொய்யென்றால் குழந்தை இத்தாலி பேசியது எப்படி? "நான் யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். வீடுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் மாதிரியே ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அதை வாய்விட்டுச் சொல்லாத வரைக்கும் எனக்குப் புண்ணியம்.

விடுதி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அங்கே போன பிள்ளை திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் மத்தியானம் என் கதவைத் தட்டினாள். "அக்கா, கொஞ்சம் மேல வந்து பெட்டி முன்னால உக்காருங்க" என்றாள். கையில் பெத்ராக்கின் குறடு.

"என்னடி பண்ணப்போற?"

"திருப்பப்போறேன்."

"பட்டப்பகல்லயா?"

"மிமோ பாக்குற நிகழ்ச்சி பகல்லதான வரும்."

மொட்டைமாடிக்கு ஏறிப் போய்விட்டாள். பெத்ராக் தூக்கத்திலிருந்து எழுந்து பனியனோடு ஓடிவந்து படிக்கட்டில் நின்று, அடிக்குரலில், "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? எவனாச்சும் பாத்தா மூட்டை கட்டணும்டி" என்றான். மேலிருந்து, "கட்டுவோம்" என்று மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே கத்தினாள்: "தெரியுதா அக்கா?" நான் பால்கனிக்குப் போய், "இன்னும் கொஞ்சம் எடது" என்றேன். "இப்ப?" "போயிருச்சு. பழையபடி திருப்பு." பெத்ராக் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து உள்ளே போய் அந்தப் பழைய டப்பாவைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

அன்றிலிருந்து வித்தோரே காலை வேலைக்கு மாற்றிக்கொண்டாள். மத்தியானம் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். தலையணை அதே இடத்தில். மிமோசா பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மைக்கு உடுப்பு மாட்டுவாள். வித்தோரே விடமாட்டாள். "அவன் என்ன சொல்றான் மிமோ? அம்மாவுக்குப் புரியல." பதில் வராது. "அந்தப் பாட்டி ஏன் சிரிக்கிறா?" பதில் வராது. சிறுவர் நிகழ்ச்சிப் பெண் வந்து சௌக்கியமா என்று கேட்டபோது வித்தோரேயே எழுந்து நின்று, உடைந்த இத்தாலியில், "சௌக்கியம், நீங்க?" என்று பதில் சொன்னதை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாரங்கள் ஓடின. பள்ளிக்கூடம் முடிய அதிக நாள் இல்லை. அன்றைக்கு நான் நூல் கேட்கப் போயிருந்தேன். வித்தோரே உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். மிமோசா வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு. பெட்டியில் காபி விளம்பரம். ஒரு பெண் கோப்பையை மூக்கருகில் கொண்டுபோய், வாசனையைப் பற்றி ஏதோ சொல்வாள். நாங்கள் நூறு தடவை பார்த்த விளம்பரம், எனக்கே மனப்பாடம்.

வித்தோரே பழக்கதோஷத்தில், கத்தியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்: "அந்தப் பொம்பள என்ன சொல்றா மிமோ?"

"எம் பொண்ணு மந்தமில்லன்னு சொல்றா."

கரகரவென்று, துருப்பிடித்த குரல். குழந்தை திரும்பவில்லை, பொம்மையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தாள். வித்தோரே கத்தியைக் கீழே வைத்தாள். கிழங்கையும் கீழே வைத்தாள். அழவில்லை. தவழ்ந்துபோய் மகள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"அவ சொல்றதுதான் நிஜம். அம்மா சொன்னது பொய். பயந்து சொன்னேன். உன்னைவிட எனக்குப் பயம் பெருசாப் போச்சு" என்றாள்.

"பெட்டின்னு நான் சொல்லலம்மா" என்றாள் குழந்தை. "நீ அடிச்சப்பகூட சொல்லல."

"தெரியும்டி கண்ணு. தெரியும்."

மறுநாள் வித்தோரே மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். டீச்சரிடம், அன்று சொன்னது பொய், குழந்தை மந்தமில்லை, பெட்டி பார்த்துத்தான் இத்தாலி கற்றாள், குற்றம் என்னுடையது என்று சொல்லிவிட்டாள். மிமோசா எழுந்து நின்று பாடத்தில் ஒரு பக்கம் வாசித்தாள். அது சானியே காதுக்குப் போகாமல் இருக்குமா? பெட்டி போயிற்று. பெத்ராக்கை மின்சார வேலையிலிருந்து எடுத்து, கப்பல் துரு சுரண்டப் போட்டார்கள். மலைக்கு அனுப்பவில்லை. அந்த வசந்தத்தில் நாட்டை ஆண்ட பெரிய தலைவர் இறந்து, எல்லாரும் தத்தம் தலையைக் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்தார்கள். அந்தச் சந்தடியில் பிழைத்தார்கள் என்பேன்.

மிமோசா இப்போது இத்தாலியில், பாரி நகரத்தில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்கள் ஊரிலிருந்து போகிறவர்களுக்கெல்லாம் துபாஷியும் அவள்தான். ஒவ்வொரு ஆகஸ்டும் வருவாள். போன ஆகஸ்டில் சந்தையில் கூடை நிறைய மிளகாய் வாங்கிவந்து, பாலாடைக்கட்டி அடைத்து அடுப்பில் வைத்தாள். வாசனை கிளம்பியதும் வித்தோரே கீழே இறங்கி வந்து என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளே மறந்துட்டா. நீ என்னடி கட்டிக்கிட்டு அழற? கெழவி ஆயிட்ட, இன்னுமா?" என்றேன்.

"மறக்கல அக்கா. நேத்து அவ பொண்ணுகிட்ட போன்ல சொல்லிட்டிருந்தா. உங்க பாட்டி எனக்காகப் பட்டப்பகல்ல மாடியேறி ஆன்டெனாவத் திருப்பினாங்கன்னு. அதை மட்டும் சொல்றா. மிச்சத்தைச் சொல்ல மாட்டேங்குறா."

"நல்லதுதானே?"

"எனக்காக இப்பவும் வாய மூடிக்கிட்டிருக்கா அக்கா. அன்னைக்கி மாதிரியே." கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தவள் முகத்தைத் துடைக்காமல் கையிலேயே கசக்கிக்கொண்டிருந்தாள். "யாராச்சும் மிளகாய் ஏன் இல்லன்னு கேட்டா இனிமே வயித்துப்புண்ணுன்னு சொல்லாதீங்க. முழுசாச் சொல்லுங்க. கதவு தொறந்திருந்துச்சே, அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.